தும்மாமல் கிளம்பிய நாள்

கைக்குழந்தை தும்மினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், "நூறு" என்பார்கள். இன்னொரு தும்மல் போட்டால் "இருநூறு" என்பார்கள். அத்தனை வயது ஆயுசு கிடைக்கட்டும் என்று வாழ்த்து. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்குச் சாவே கிடையாது. ஆனால் நான் தும்மினால் யாரும் நூறும் சொல்லவில்லை, ஐம்பதும் சொல்லவில்லை. "சீ, அங்கிட்டுப் போயேன்" என்றுதான் சொன்னார்கள்.

வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி மழை விட்டுப் பனிக்காற்று அடிக்கத் தொடங்கும். தேயிலை மலைக்கும் சாலைக்கும் நடுவில் கிடக்கும் லாலான் புல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பஞ்சாகப் பறந்து, கொடியில் காயும் துணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கவ்வாத்தும் அப்போதுதான். கிழட்டுத் தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு, தண்டில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுப்பார்கள். காய்ந்த பாசி தூளாகப் பறக்கும். என் அப்பா கவ்வாத்துக் கூட்டத்துக்குக் கங்காணி. அந்தத் தூளையெல்லாம் சட்டையில் சேர்த்து, சாயங்காலம் வீட்டுக்குள் கொண்டுவந்து, நான் படுக்கும் மூலையில் ஆணியில் மாட்டுவார்.

அப்புறம் என்ன, பங்குனி முடிகிற வரைக்கும் எனக்குத் தும்மல்தான். முதலில் மேலண்ணம் அரிக்கும். நாக்கை மடித்து அண்ணத்தைச் சொறிந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அதற்கே அம்மா அடிப்பாள். கண் அரிக்கும். காது உள்ளுக்குள் அரிக்கும், அதற்குக் கை எட்டாது. மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். துடைத்துத் துடைத்து மூக்கு நுனி தோலுரிந்து, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் நான் அழுதுவிட்டு வந்ததாக நினைத்தார்கள். ஒரு தும்மலோடு நின்றாலாவது பரவாயில்லை. ஆரம்பித்தால் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வரைக்கும் விடாது.

இப்போது இதற்கு ஒவ்வாமை என்று பெயர் சொல்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் மலையில் அந்த வார்த்தை யாருக்கும் தெரியாது. அம்மா பீனிசம் என்றாள். அப்பா சளி என்றார். மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் ஏற்றினார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கவைத்தார்கள். சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். சீனத் தைலத்தை மூக்கு ஓட்டையிலேயே தடவினார்கள். எல்லாவற்றுக்கும் நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தும்மினேன்.

நோய் என்று விட்டிருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். அதைச் சகுனம் ஆக்கினார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, கவ்வாத்து தொடங்கும் முதல் நாள், வழக்கப்படி மலையடியில் முனியாண்டிக்குப் பூசை போட்டார்கள். கத்திகளையெல்லாம் கழுவி, குங்குமம் வைத்து, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அப்பா தேங்காயை ஓங்கினார். நான் தும்மினேன். தேங்காய் உடைந்ததும் என் தும்மலும் ஒன்றாகக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் பாதகமில்லை என்பது சாஸ்திரம். எனக்கு இரண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? முதல் தும்மலிலேயே எல்லாருடைய முகமும் சுருங்கிப் போயிருந்தது.

அந்தக் கவ்வாத்து முடிவதற்குள் ஓர் ஆளுக்குக் கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டது. ஈரப் பாசியில் கால் வைத்தால் யாருக்கும் வழுக்கும். வருஷத்துக்கு ஒருவருக்காவது கத்தி படாமல் கவ்வாத்து முடிந்ததே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்த வருஷம் காக்கைக்கு என் முகம் இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே இவள எந்த நல்ல காரியத்துக்கும் முன்னாடி நிறுத்தாத" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணம், சடங்கு, பால் காய்ச்சுவது எதுவாக இருந்தாலும் நான் பின்கட்டில்தான். அங்கே எனக்கு முன்னாலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். புருஷன் லோரி கவிழ்ந்து செத்ததிலிருந்து அவளும் நல்ல காரியங்களுக்கு முன்னால் வருவதில்லை. கொழுந்து எடுப்பதில் எங்கள் மலையில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அதற்கு மட்டும் அவள் முகம் எல்லாருக்கும் வேண்டும். பின்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம். "நாம ரெண்டு பேரும் சோடியா முன்னாடி போய் நின்னா வானம் இடிஞ்சு விழுந்துரும் புள்ள. ஒரு நாளைக்குப் போய்ப் பாப்பமா?" என்பாள். நான் சிரிப்பேன். சிரித்தால் தும்மல் வரும். அவள் ஒருத்திதான் அந்த லயத்தில் எனக்கு "நூறு" சொன்னவள்.

மாத்திரை வந்தது எனக்குப் பதினான்கு, பதினைந்து வயதில். தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரெசர் இருந்தார். டாக்டர் எப்போதோ ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் பிரசவத்துக்கும் டிரெசர்தான். அவரிடம் சின்னதாக மஞ்சள் மாத்திரை ஒன்று இருந்தது. கம்பளிப்பூச்சி பட்டு உடம்பு தடித்தால் அது, குளவி கொட்டினால் அது, சளிக்கும் அதே. ஆண்களுக்குக் கொடுக்கும்போது, "இதப் போட்டுட்டுக் கத்தி புடிக்காதலா, தூக்கம் வரும்" என்று எச்சரிப்பார். எனக்குக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. பொம்பளைப் பிள்ளை தூங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

மாத்திரை வேலை செய்தது. அதை நான் மறுக்கமாட்டேன். போட்டுக் கொஞ்ச நேரத்தில் அண்ணத்து அரிப்பு அடங்கும். மூக்கு வறண்டுவிடும். மூக்கோடு வாயும் வறண்டுவிடும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு, எச்சிலைக் கூட்டிக் கூட்டித்தான் ஒரு வார்த்தை பேச முடியும். பிறகு தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். தானா ராத்தா டவுன் பள்ளியில் கணக்குப் பாடத்தின்போது கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவேன். மத்தியானம் நோட்டைத் திறந்தால் ஒரே வரியை மூன்று தடவை எழுதிவைத்திருப்பேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். "எஸ்டேட் பிள்ளைகளே இப்படித்தான், சோம்பேறிகள்" என்று ஓர் ஆசிரியர் சொன்னார். தும்மினால் அபசகுனம், தும்மாவிட்டால் சோம்பேறி. எனக்கு இரண்டில் எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு அந்த மாத்திரை முனியாண்டியே அனுப்பிவைத்தது மாதிரி. சித்தப்பா கல்யாணத்தில் எனக்கு ஒன்றைக் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்துப் பார்த்தாள். தாலி கட்டி முடிகிற வரைக்கும் நான் ஒரு தும்மல் போடவில்லை. பாதிக் கல்யாணம் எனக்கு நினைவில்லை. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கியிருக்கிறேன். அதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. "அடக்கமான புள்ள" என்று பெண் வீட்டார் சொன்னதாக அம்மா ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நான் என் வழியைத் தனியாகக் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, அவதிப்பட்டுக் கற்றது. மாத்திரையைப் பல்லால் பாதியாகக் கடித்து, படுக்கப்போகும்போது பாதி. பொழுது விடிந்தால் ஒன்றும் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவுவேன். லாலான் காட்டைத் தாண்டி பஸ் ஏறுகிற வரைக்கும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வேன். அப்பாவின் சட்டையை எடுத்து வெளியே கொடியில் போட்டுவிடுவேன். திட்டுவார், மறுநாளும் போடுவேன். தும்மல் நிற்காது, குறையும். தலை மட்டும் என்னுடையதாக இருக்கும். அப்படித்தான் ஐந்தாம் படிவப் பள்ளியிறுதிப் பரீட்சைக்குப் படித்து, முடித்து, தேறினேன். எங்கள் லயத்தில் அதுவரைக்கும் ஒரு பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஈப்போவில். கும்பிட்ட தெய்வமெல்லாம் சேர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரி, நட்ட நடுப் பனிக்காற்றில், கவ்வாத்து உச்சத்தில் இருக்கும்போது.

எனக்கு அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் என் வயதுப் பெண்களையெல்லாம் பெரட்டில் பேர் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பெரட்டு என்றால் விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே ஒரு தடவை பேர் விழுந்தால் விழுந்ததுதான். நேர்முகத்தில் தேறினால் நான் டீச்சர். தேறாவிட்டால் முதுகில் கூடை, அல்லது ஃபேக்டரியில் தூள் சலிக்கும் கூடம். லாலான் இல்லாத, பாசி இல்லாத ஏதோ ஓர் ஊரில் ஒரு வகுப்பறையில் சாக்கட்டியோடு நிற்பதை நினைத்துக்கொண்டே படுத்துக்கிடப்பேன். எனக்கு அது வேண்டும். அதைப்போல வேறு எதையும் நான் விரும்பியதில்லை.

அத்தையிடம் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அன்னைக்கு மட்டும் அந்த மஞ்ச மாத்திரையத் தொடாத. தும்மிட்டே பதில் சொல்லு. தும்முற டீச்சர் வேணாம்னா சொல்லப்போறான்? தூங்குற டீச்சரத்தான் வேணாம்பான்" என்றாள். 

அம்மா வேறு ஏற்பாட்டில் இருந்தாள். கிளம்பும் நேரம் பார்த்தாயிற்று. வாசலில் இறங்கும்போது எதிரே தண்ணீர்க் குடத்தோடு வர, மேல் லயத்திலிருந்து ஒரு சுமங்கலிக்குச் சொல்லியாயிற்று. மீதி இருந்தது என் மூக்கு ஒன்றுதான்.

"ஒரு மாத்திரை போட்டுட்டுப் போ."

"போடமாட்டேன். மண்டை வேலை செய்யாதும்மா. அங்க கேள்வி கேப்பாங்க."

"அங்க போய்த் தும்மு, யாரு வேணாங்கிறா? இந்த வாசப்படி எறங்கையில தும்மக்கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

முந்தின நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் பாதி மாத்திரைக்கு ஒப்புக்கொண்டேன். பாதி எனக்குப் பழக்கம், அதைச் சமாளிக்க முடியும். அம்மாவும் "சரி, பாதி" என்றாள். ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லலாம். பெற்ற தாயைச் சந்தேகப்பட எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்?

விடியலில் குளித்து, சேலை கட்டி, சாமி படத்துக்கு முன்னால் பாதி மாத்திரையை விழுங்கினேன். அம்மா காப்பி கொண்டுவந்தாள். கசந்தது. சீனியை அள்ளிப்போட்டிருந்தாள், அப்படியும் அடிநாக்கில் கசந்தது. பதற்றத்தில் எல்லாமே கசக்கும் என்று நினைத்துக் குடித்துவிட்டேன். மேலும் இரண்டு மாத்திரையைப் பொடித்து அதில் கலந்திருந்தாள். அந்தக் கல்யாணத்தில் முழு மாத்திரைக்குத்தான் அடங்கியது, பாதிக்கு அடங்குமோ அடங்காதோ என்ற பயம் அவளுக்கு.

வாசலில் அத்தை வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அவளிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா பூட்டைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். "நல்ல வேளை. நேத்தே ரிங்லெட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. நம்ம சொல்லாமயே புரிஞ்சுக்கிட்டா பாரு" என்றாள். என் மேல் இவ்வளவு ஆசை வைத்தவள், நான் கிளம்பும்போது தன் முகம் பட்டுவிடக் கூடாதென்று முந்தின நாளே ஊரை விட்டுப் போயிருக்கிறாள். சுமங்கலி குடத்தோடு வந்தாள். அம்மா என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாலான் பஞ்சு முகத்தில் வந்து மோதியது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பாவும் நானும் தோட்டத்து லோரியில் தானா ராத்தா, அங்கிருந்து பஸ்ஸில் மலையடிவாரத்துத் தாப்பா. அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்காமல் நான் இறங்கியதே கிடையாது. அன்றைக்கு ஒரு வளைவும் எனக்குத் தெரியவில்லை. அப்பா தோளில் தலை சரிந்து, எச்சில் இல்லாத வாயைத் திறந்து, அப்படியொரு தூக்கம். தாப்பாவில் அப்பா எழுப்பி முகம் கழுவச் சொன்னார். கழுவினேன். ஈப்போ பஸ்ஸில் மறுபடியும் தூக்கம். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில்களைப் போகும் வழியில் ஒரு தடவை ஓட்டிப்பார்க்கலாம் என்று இருந்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

காத்திருக்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மற்றப் பிள்ளைகள் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அப்பாதான் உலுக்கினார். எழுந்து போகும்போது தரை கொஞ்சம் தள்ளி இருந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு மலாய்க்கார அம்மாள், மூக்குக் கண்ணாடி போட்டவர். ஏன் ஆசிரியராக விரும்புகிறாய் என்று மலாயில் கேட்டார். இதற்குப் பதில் தெரியாதா எனக்கு? எட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை வந்தது. அடுத்த வார்த்தை எங்கோ போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டு நின்றபோது, சொன்ன முதல் வார்த்தையும் மறந்துவிட்டது. அந்த அம்மாள் காத்திருந்தார். நல்லவர். தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "சாக்கிட் கா?" என்று கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. இல்லை என்று தலையாட்டினேன். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட மூளை ஓடவில்லை.

வலது பக்கம் நம்மவர் ஒருவர் இருந்தார். அவருக்கு என் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும், தமிழிலேயே கேட்டார். "வகுப்புல பிள்ளைங்க சத்தம் போட்டா எப்படிம்மா அடக்குவே?" அவர் முகத்தைப் பார்த்தேன். பதில் வந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் கொட்டாவி வந்துவிட்டது. வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர, அவர் முகத்துக்கு நேராக ஒரு கொட்டாவி. தும்மலுக்குச் சகுனம் பார்த்தவர்கள் கொட்டாவிக்கு ஒன்றும் வைக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார். "சரிம்மா, நீ போகலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "என்னா கேட்டாங்க?" என்றார். "ஒண்ணும் கேக்கல" என்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அவருக்குத் தெரியாது. எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது, நல்ல சகுனம்தான் என்று சந்தோஷமாக எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

தேர்வாகவில்லை என்று தகவல் வந்த அன்று வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. அம்மா சமைக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாள். நேரம் சரி. குடம் சரி. தும்மல் இல்லை. பிறகு எங்கே தவறியது? யோசித்து யோசித்து, சாயங்காலம் எழுந்து, நேராக வாசலுக்குப் போனாள். அத்தை அப்போதுதான் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா?"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா? நான்தான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே."

"அதத்தான் சொல்றேன்! நல்ல காரியத்துக்குப் போறப்ப கண்ணு முன்னாடி கதவுல பூட்டத் தொங்கவிட்டுட்டுப் போனியே! பூட்டுலதான முழிச்சிட்டுப் போனா! கதவே சாத்திக்கிச்சே!"

இருந்தால் முகம் ஆகாது, போனால் பூட்டு ஆகாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் லயத்தில் அது அத்தை. லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா சொன்னதற்கு இரண்டு மூன்று தலைகள் ஆடவும் செய்தன. அத்தை கூடைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேர்முகத்திலிருந்து திரும்பிய மறுநாளே அம்மா தன் கெட்டிக்காரத்தனத்தை மேல் லயத்துக்காரியிடம் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருந்தேன். காப்பியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தேர்வாகிவிட்டால் அதை மறந்துவிடலாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"பூட்டும் இல்ல, கதவும் இல்ல. நீ காப்பில கலந்து குடுத்த மாத்திரைதான். நான் அங்க போய்த் தூங்கினேன். கேள்வி கேட்டவரு மூஞ்சில கொட்டாவி விட்டேன். கெடுத்தது நீ. அவங்களத் திட்டாத" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். வெட்கமோ பயமோ அந்த முகத்தில் துளி இல்லை. மனசு புண்பட்ட முகம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆமா, கலந்தேன். யாருக்காகக் கலந்தேன்? வாசப்படி எறங்கையில ஒரு தும்மல் வந்துச்சா? சொல்லுடி. வந்துச்சா?"

வரவில்லை. எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். "வரல்ல" என்றேன். "அப்பறம்?" என்றாள் அம்மா. அவளுக்கு அதோடு வழக்கு முடிந்தது. சாகும் வரைக்கும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. தன் பங்கைத் தவறாமல் செய்துவிட்டதாகவும், பூட்டு குறுக்கே வந்துவிட்டதாகவும்தான் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கொஞ்ச நாளில் அத்தை தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு ரிங்லெட்டுக்கே போய்விட்டாள். அங்கே யாரோ ஒருவருடைய காய்கறித் தோட்டத்தில் வேலை. கிளம்பும்போது நான் லோரி வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் தும்மினேன். "நூறு, இருநூறு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். லோரியில் ஏறிய பிறகு குனிந்து, "உனக்குக் கெடைக்கும்னுதான் புள்ள நான் போனேன்" என்றாள். அவ்வளவுதான்.

என் பெயர் பெரட்டில் விழுந்தது. ஃபேக்டரியில் தூள் சலிக்கும் கூடத்தில் போட்டார்கள். காற்றெல்லாம் தேயிலைத் தூசி. அங்கே எனக்குப் பருவமும் கிடையாது, பனிக்காற்றும் கிடையாது, பன்னிரண்டு மாதமும் தும்மல். அங்கே யாரும் அதற்குச் சகுனம் பார்க்கவில்லை. எல்லாருமே தும்மினார்கள், இரைச்சலில் ஒருவர் தும்மல் இன்னொருவருக்குக் கேட்காது. மஞ்சள் மாத்திரையைப் பாதியாகக் கடித்துக் கடித்துப் பத்து வருஷம் ஓட்டினேன். அதற்குள் கல்யாணம், பிள்ளைகள். என் பிள்ளைகளில் இரண்டாவதுக்கு என் மூக்கு. பனிக்காற்று வந்தால் அவள் அண்ணத்தைச் சொறியும் சத்தம் கேட்கும். நான் அடித்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தாவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பையன். அவளைப் பார்த்துவிட்டு, என் மூக்கையும் பார்த்தான். "உங்களுக்கு எத்தன வருஷமா இருக்கு?" என்றான். மஞ்சள் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். "ஐயோ, அது ரொம்பத் தூக்கம் வரவெச்சிடுமே. இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கும்மா. இதுல தூக்கம் வராது. வாயும் அவ்வளவா காயாது" என்று ஒரு வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. மகள் என் சேலையை இழுத்தாள்.

"காலையில போடலாமா?" என்று கேட்டேன். "வீட்ட விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி?"

"தாராளமாப் போடலாம். எங்க போகணும் நீங்க?"

"இப்ப எங்கயும் இல்ல டாக்டர்" என்றேன்.